உறுதிமொழியும் மௌனம் காக்கும் உரிமையும்

புது தில்லி: புணே நகரின் மகர்பட்டாவில் பணிநிமித்தம் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் குழந்தை, நாள்தோறும் எத்தனை முறை தன் பற்றை மெய்ப்பிக்க வேண்டும்? பள்ளிகளில் தேசிய கீதமும் உறுதிமொழியும் நெடுங்காலமாக உள்ளவை. 2020 குடியரசு தினம் முதல் அரசியல் சாசன முகவுரை வாசிப்பையும், 2023-ல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட "ஜெய் ஜெய் மகாராஷ்டிர மாஜா"வையும் மகாராஷ்டிர அரசு அவற்றுடன் சேர்த்தது.

இவற்றின் பொருளில் குறை காண இயலாது. ஆந்திர அரசு அலுவலர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் 1962-ல் தெலுங்கில் எழுதிய உறுதிமொழி, 1965 முதல் நாடெங்கும் பள்ளிகளில் ஒலிக்கிறது. பல மொழிக் குழந்தைகள் ஒரே குரலில் அதைச் சொல்வது ஒற்றுமையை வளர்க்கும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு.

ஆனால், சொல்ல விரும்பாத குழந்தையின் நிலை என்ன என்பதே கேள்வி. கேரளத்தில் தேசிய கீதத்தின்போது மரியாதையுடன் எழுந்து நின்றும், மத நம்பிக்கை காரணமாகப் பாடாத மூன்று குழந்தைகள் 1985-ல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அது செல்லாது என 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் 1971-ல் இயற்றிய தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமும், தேசிய கீதம் பாடுவதைத் தடுப்பவரையும் இடையூறு செய்பவரையும் தண்டிக்கிறதே அன்றி, பாடாதவரை அல்ல.

இது மகாராஷ்டிரத்துக்கு மட்டுமான பாடம் அன்று. தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக்கிய தமிழக அரசு, அது பாடப்படும்போது அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என ஆணையிட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்களித்தது. மகர்பட்டாவில் தமிழ்க் குழந்தைக்கு நாம் எதிர்பார்க்கும் கனிவு, திருப்பூரில் பிகார் தொழிலாளியின் குழந்தைக்கும் கிடைத்தாக வேண்டும்.

உரிமை தீர்ப்பு நூல்களில் மட்டும் இருந்தால், பத்து வயதுக் குழந்தையை அது எட்டாது. எனவே, உறுதிமொழி குறித்த ஒவ்வொரு சுற்றறிக்கையிலும், மரியாதையுடன் மௌனம் காக்கும் மாணவரைத் தண்டிக்கக் கூடாது என்ற ஒரு வரியையும் அரசுகள் சேர்க்க வேண்டும். ஆசிரியர்கள் உறுதிமொழியின் பொருளை வகுப்பில் விளக்கட்டும். அச்சத்தால் எழும் குரலில் ஒழுங்கு இருக்கலாம், பற்று இருக்காது.