தெருவுக்குத் தெரு மரப் பதிவேடு வேண்டும்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் தினமும் ஏறி இறங்குகிறவர்களில் பலருக்கு அந்தப் பெயர் வந்த கதை தெரிந்திருக்காது. 1928-ல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். அந்தக் காற்றை நம்பித்தான் நோயாளிகள் தாம்பரத்துக்கு வந்தார்கள்.

1937-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து கிழக்குத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கிருந்த புதர்க்காட்டைக் காத்து, புது மரங்களையும் நட்டு வளர்த்தவர்களில் முக்கியமானவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் வேதியியல் பேராசிரியர். மரம் அவருடைய பாடமல்ல. அங்கே குடியிருந்தவர், அவ்வளவுதான். 365 ஏக்கர் வளாகத்தில் இன்றும் புள்ளிமான் மேய்கிறதென்றால், அந்த இடத்தில் வாழ்ந்தவர்கள் அதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

கல்லூரி மதிலுக்கு வெளியே நிலைமை வேறு. செம்பாக்கத்திலோ சிட்லபாக்கத்திலோ ஏதாவது ஓர் உள்தெருவுக்குள் போய் ஒரு புங்க மரத்தின் அருகே நின்று பார்த்தால் போதும். அடிமரம்வரை சிமென்ட் பூசியிருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் இறங்கவும் வழியிருக்காது. தண்டில் டியூஷன் விளம்பரத் தகடு, அதைத் தாங்கத் துருப்பிடித்த நான்கு ஆணி, மேலே கேபிள் ஒயர். சாலையோரம் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியபோது அந்தப் பக்கத்து வேரெல்லாம் போயிருக்கும். மழைக்காலத்துக்கு முன்பு மின்கம்பி ஓடும் பக்கத்துக் கிளைகளை மட்டும் வெட்டிவிட்டுப் போயிருப்பார்கள். மொத்த பாரமும் இப்போது எதிர்ப்பக்கம். அடுத்த புயலில் அது ஒரு வீட்டின் மேலோ ஆட்டோவின் மேலோ விழும். ‘புயலில் மரம் சாய்ந்தது’ என்று மறுநாள் செய்தி வரும். அந்த மரத்தை மெல்ல மெல்லச் சாய்த்தவர்கள் நாம்தான்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோது சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. வண்டலூர் உயிரியல் பூங்கா பல நாள் மூடிக்கிடந்தது. எந்தத் தெருவில் எந்த மரம் நின்றது, எது ஏற்கெனவே சாய்ந்திருந்தது, எதன் வேர் அறுபட்டிருந்தது என்பதற்குத் தெருவாரியான கணக்கு இருந்திருந்தால், பல மரங்களை முன்கூட்டியே தாங்கிப் பிடித்திருக்கலாம்.

அந்தக் கணக்கு தெருவில் குடியிருப்பவர்களிடம் இருக்கிறது. எந்த நாவல் மரத்தின் பழம் ஆனியில் தரையெல்லாம் நீலமாக்கும், எந்த மரத்தடியில் தண்ணீர் தேங்கும், எந்தக் கிளை காற்றடித்தால் முனகும் என்பது மாடியில் துணி காயப்போடுகிறவருக்குத் தெரியும். தாம்பரம் மாநகராட்சிப் பொறியாளருக்குத் தெரிய வாய்ப்பில்லை. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவான மாநகராட்சி இது. 70 வார்டுகள். இவ்வளவு பரப்பை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது.

குடியிருப்போர் சொல்வதெல்லாம் சரி என்பதும் இல்லை. இலை கொட்டுகிறது, கார் நிறுத்த இடமில்லை, கம்பளிப்பூச்சி வருகிறது என்று மரத்தை வெட்டச் சொல்லி மனு கொடுப்பவர்களும் அவர்கள்தான். சீக்கிரம் வளர்கிறதே என்று கோனோகார்பஸை வரிசையாக நட்ட குடியிருப்புகளும் உண்டு. 2025-ல் தமிழக அரசு அந்த மரத்துக்குத் தடை போட வேண்டியதாயிற்று. அதனால் வெறுமனே கருத்துக் கேட்டால் போதாது. மரத்தை அடையாளம் காணவும் அதன் உடல்நிலையைக் கவனிக்கவும் மக்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சென்னையில் நிழல் அமைப்பு பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது. அடையாறு ஓரம் குப்பைமேடாகக் கிடந்த இடத்தைத் தன்னார்வலர்கள் கோட்டூர்புரம் மரப்பூங்காவாக மாற்றிக் காட்டினார்கள். சிட்லபாக்கத்து மக்கள் தங்கள் ஏரியில் தாங்களே இறங்கிக் குப்பை அள்ளியதும் நடந்த கதைதான். ஆளுக்கோ மனசுக்கோ இங்கே பஞ்சமில்லை.

பிற ஊர்களில் இதற்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. மகாராஷ்டிர நகரங்களில் 1975-ம் ஆண்டுச் சட்டப்படி மர ஆணையம் உண்டு. மரக் கணக்கெடுப்பும் கட்டாயம். தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லேயே தனிச் சட்டம் வந்தது. நகரத்து மரங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. பொது இடத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அது வெட்டும் கட்டத்தில்தான் வருகிறது. வேரை அறுக்கும் பள்ளத்துக்கும், ஒருபக்கம் மொட்டையடிக்கும் அரிவாளுக்கும் யாரும் அனுமதி கேட்பதில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2022 நவம்பர் 1 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் இதே மாநகராட்சியின் பம்மலில் பகுதி சபைக் கூட்டத்தில் மக்களோடு உட்கார்ந்து குறை கேட்டார். அந்த மேடை இருக்கிறது. பகுதிதோறும் தெருவாரியாக ஒரு மரப் பதிவேடு எழுதலாம்: மரத்தின் பெயர், அடிமரச் சுற்றளவு, வேரடியில் மண் இருக்கிறதா சிமென்ட் இருக்கிறதா, மேலே கம்பி ஓடுகிறதா. பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடக்கூடிய வேலை. வடிகால் தோண்டவும் கிளை கழிக்கவும் போடும் திட்டத்தை அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, சபையில் வாசித்த பிறகே ஒப்பந்ததாரரிடம் கொடுக்க வேண்டும்.

மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்கும் பசுமைத் தமிழகம் இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியது, தாம்பரத்துக்குப் பக்கத்திலிருக்கும் வண்டலூரில்தான். புதுக் கன்றுகள் வரட்டும். அதற்கு முன், ஏற்கெனவே நிற்கும் மரங்களின் அடியில் இருக்கும் சிமென்டை மூன்றடிக்காவது உடைத்தெடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய பகுதி சபையில் இதை முதல் தீர்மானமாகக் கொண்டுவருமாறு 70 வார்டு உறுப்பினர்களையும் அந்தந்தத் தெருக்காரர்கள் கேட்க வேண்டும்.