காப்பிக்கு யோசனை சொல்லப் போகும் தொண்டர்

ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் ஒரு பட்டு நெசவாளியின் வீடு. வீட்டில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கிறது. தகப்பனார் குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிறார். தாயார் வாசற்படியில் தார் சுற்றுகிறார். மகன் படித்து முன்னுக்கு வந்து, பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கும் வியாபாரமும் பார்க்கும் உத்தியோகத்தில் இருக்கிறார். சென்ற மாதம் ஊருக்கு வந்த அந்த இளைஞர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"தோழர், ஆறு மாதம் லீவு போட்டுவிட்டு எத்தியோப்பியாவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அங்கே காப்பி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு வியாபார யோசனை சொல்ல ஆள் வேண்டுமாம். சம்பளம் கிடையாது. விமானச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும் ஒரு வெளிநாட்டு ஸ்தாபனம் கொடுக்கிறது. தொண்டு வேலைதான். போவது சரியா?"

நாம் பதில் சொல்வதற்குள், நாடாவை நிறுத்தாமலே தகப்பனார் பேசினார்: "போறது இருக்கட்டும்டா. போயி அங்க என்ன சொல்லுவ? இங்க வந்தவனெல்லாம் டிசைனை மாத்து, கலரை மாத்துன்னு சொன்னான். கூலியை மாத்துன்னு எவனாவது சொன்னானா?"

இந்தக் கேள்வியைத் தாண்டி எந்தப் பொருளாதார நிபுணரும் அதிக தூரம் போய்விடவில்லை என்பது நமது அபிப்பிராயம். மில் தொழிலாளிக்கும் இது தெரிந்த விஷயந்தான். கையில் ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு வேலைப்பளு அளக்க வந்த நிபுணர், ஒருவன் எத்தனை ஸ்பிண்டில் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டாரேயொழிய, அவன் வீட்டில் எத்தனை பேர் சாப்பிட வேண்டும் என்று கணக்குப் போட்டாரா?

இந்தத் தொண்டர் ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 1961ல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 'பீஸ் கோர்' என்ற தொண்டர் படையை அமைத்தார். 1976 வரை அதன் ஆட்கள் நம் நாட்டிலும் இருந்தார்கள். 1964ல் பெரிய பாங்க் முதலாளியான டேவிட் ராக்பெல்லர் முன்நின்று இன்னொரு ஸ்தாபனம் கிளம்பிற்று. ஓய்வு பெற்ற கம்பெனி மானேஜர்களைப் பொறுக்கியெடுத்து ஏழை நாடுகளுக்கு வியாபார யோசனை சொல்ல அனுப்புவது அதன் வேலை. 1985ல் அமெரிக்க விவசாயச் சட்டத்தின் கீழ், விவசாயிக்கு விவசாயி உதவும் திட்டம் என்ற பெயரில் மற்றொன்று வந்தது. காப்பி, கோகோ, பால் என்று அதன் தொண்டர்கள் போகாத துறையில்லை.

இவர்களெல்லாம் உளவாளிகள் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவது சுலபம். நாம் அப்படி எழுதத் தயாரில்லை. அந்த விவசாயத் திட்டத்துக்குப் பின்னர் ஜான் ஓகோனோவ்ஸ்கி என்பவர் பெயரை வைத்தார்கள். 2001 செப்டம்பர் 11ல் நியூயார்க் கட்டடத்தில் மோதும்படி கடத்தப்பட்ட விமானங்களில் ஒன்றின் விமானி அவர். விவசாயியும்கூட. கம்போடியாவிலிருந்து அகதிகளாக வந்த குடியானவர்களுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்து உதவியவர். அப்படிப்பட்ட மனிதரைப் பழிப்பது நமக்கு அழகல்ல. பிரச்சினை தொண்டரின் நெஞ்சைப் பற்றியதல்ல. எதைப் பற்றிப் பேச அவரை அனுப்புகிறார்கள், எதைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க வைக்கிறார்கள் என்பதுதான்.

காப்பி விவசாயியின் நோய் என்ன? கணக்கு எழுதத் தெரியாததா? அதுவும் ஒரு குறைதான். ஆனால் பெரிய நோய் விலை. அராபிகா காப்பிக்கு நியூயார்க் சந்தையிலும், ரொபஸ்டாவுக்கு லண்டன் சந்தையிலும் விலை கட்டுகிறார்கள். காப்பிச் செடியைக் கண்ணால் கண்டிராதவன் அங்கே உட்கார்ந்து, இன்னும் பூக்காத காப்பியை வாங்குகிறான், விற்கிறான். மலையில் பறிக்கிறவளுக்கு அந்த விலை மறுநாள் வந்து சேருகிறது. விலை விழும்போது உடனே வருகிறது. ஏறும்போது நொண்டிக்கொண்டு வருகிறது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா ஒரு ராத்தல் நாலு டாலருக்கு மேல் போயிற்று. பறிக்கிற பெண்ணின் கூலி அந்த வேகத்தில் ஏறியதா?

இந்த விலையை அடக்கி வைக்க ஒரு காலத்தில் வழி இருந்தது. 1962ல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று கோட்டா போட்டார்கள். 1980களில் ஒரு ராத்தலுக்கு 120 சென்ட்டிலிருந்து 140 சென்ட் வரை விலை நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அமெரிக்கா இதற்கு ஏன் சம்மதித்தது? தர்ம சிந்தனையாலா? பக்கத்திலே கியூபாவில் புரட்சி ஜெயித்துவிட்டது. காப்பி விலை விழுந்தால் லத்தீன் அமெரிக்கா முழுவதும் சிவந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் தெளிந்ததும் ஒப்பந்தத்தின் மீதிருந்த அக்கறையும் தெளிந்தது. 1989 ஜூலையில் கோட்டா முறை கவிழ்ந்தது. விலையும் கவிழ்ந்தது. 2001ல் சராசரி விலை ஒரு ராத்தலுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போயிற்று. உரத்துக்கும் கூலிக்கும் ஆன செலவுகூடத் திரும்பவில்லை. அந்த வருஷம் ஒரு தொண்டர் போய், "நஷ்டத்தை நோட்டில் அழகாக எழுதுங்கள்" என்று சொல்லிக் கொடுத்திருந்தால் என்ன பிரயோஜனம்?

நம் நாட்டிலும் கதை அதுதான். 1940களிலிருந்து காப்பி போர்டு விவசாயிகளின் காப்பியை ஒரே பொதுக் கிடங்கில் சேர்த்து விற்றுக் கொடுத்தது. அதில் தாமதமும் ஊழலும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 1990களில் தாராளமயம் என்று அதைக் கழற்றிவிட்டார்கள். விலை படுத்தபோது குடகிலும் ஏற்காட்டிலும் இரண்டு ஏக்கர் வைத்திருந்தவன் தனியாக நின்றான்.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1975ல் பிரேஸில் நாட்டில் உறைபனி விழுந்து காப்பி அழிந்தது. உலகெங்கும் விலை எகிறிற்று. 1977ல் கிழக்கு ஜெர்மனியில் காப்பித் தட்டுப்பாடு. கலப்படக் காப்பியைக் கொடுத்த சர்க்காரை ஜனங்கள் திட்டித் தீர்த்தார்கள். (காப்பியை ஏளனமாக நினைக்காதீர்கள். நம் கமிட்டிக் கூட்டங்களில் எது காப்பியில்லாமல் நடந்திருக்கிறது?) 1980ல் கிழக்கு ஜெர்மனி வியத்நாமுடன் ஒப்பந்தம் செய்தது. யந்திரங்களும் லாரிகளும் நிபுணர்களும் டாக் லாக் மாகாணத்துக்குப் போனார்கள். வீடுகளும் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். விளைவதில் பாதி இருபது வருஷத்துக்கு ஜெர்மனிக்கு என்று ஏற்பாடு. செடி வளர்ந்து நல்ல மகசூல் வருவதற்குள், 1990ல் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லாமற் போயிற்று!

வியத்நாம் விடவில்லை. பயிரிட்டுக்கொண்டே போய், பிரேஸிலுக்கு அடுத்த இரண்டாவது பெரிய காப்பி நாடாயிற்று. அது அவர்களுடைய உழைப்பின் வெற்றி. ஆனால் கோட்டா இல்லாத சந்தையில் அத்தனை காப்பியும் வந்து குவிந்தபோது, 2001ன் விலை வீழ்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. டாக் லாக் மலைகளில் பரம்பரையாக இருந்த ஆதிகுடிகளின் நிலத்தில் புதுக் குடியேற்றம் நடந்ததும் உண்மை. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே ஒரு நிபுணர் போய், "அதிகம் விளையுங்கள்" என்கிறார். எல்லோரும் கேட்டு நடக்கிறார்கள். முடிவில் எல்லோருக்கும் சேர்த்து விலை விழுகிறது. அந்த நிபுணர் சோஷலிஸ்ட் நாட்டிலிருந்து வந்தாரா, முதலாளித்துவ நாட்டிலிருந்து வந்தாரா என்று லண்டன் சந்தை கேட்பதில்லை.

அப்படியானால் யோசனை சொல்லப் போகவே கூடாதா? அதுவும் சரியல்ல.

ருவாண்டாவில் 1994ல் நடந்த படுகொலைக்குப் பிறகு, மரபா என்ற இடத்தில் விதவைகளும் அனாதைகளுமாகச் சேர்ந்து ஒரு காப்பிக் கூட்டுறவு நடத்தினார்கள். இரண்டு அமெரிக்கச் சர்வகலாசாலைகளும் ருவாண்டா சர்வகலாசாலையும் சேர்ந்து உதவின. 2001ல் பழத்தைக் கழுவிப் பதப்படுத்தும் நிலையம் வந்தது. தரம் உயர்ந்தது, தரகனைத் தாண்டி நேரே லண்டன் வியாபாரிக்கு விற்றார்கள், விவசாயியின் கைக்குக் கூடுதல் காசு வந்தது. உதவியை உதவி என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, நம் இளைஞர் போகப்போகும் எத்தியோப்பியாவிலேயே நடந்தது. காப்பிச் செடி பிறந்த தேசம் அது. ஹரார், சிடாமோ, யிர்கச்செபே என்பவை அங்குள்ள ஊர்களின், வட்டாரங்களின் பெயர்கள். அந்தப் பெயரைச் சொல்லி அமெரிக்கக் கம்பெனிகள் கொள்ளை விலைக்கு விற்றன. விளைவித்தவனுக்கு அதில் துளிதான் வந்தது. வாஷிங்டனில் ஒரு சிறு ஸ்தாபனத்தின் யோசனையின் பேரில், 'இந்தப் பெயர்கள் எங்கள் சொத்து' என்று எத்தியோப்பிய சர்க்கார் அமெரிக்காவிலேயே மனுப் போட்டது. அமெரிக்கக் காப்பி வியாபாரிகளின் சங்கம் எதிர்த்தது. 2006ல் ஸ்டார்பக்ஸ் கம்பெனி மீது உலகெங்கும் கண்டனம் கிளம்பிற்று. 2007ல் அந்தக் கம்பெனி இறங்கி வந்து ஒப்பந்தம் செய்துகொண்டது. இங்கே வந்த ஆலோசகர் 'இன்னும் நன்றாகப் பறி' என்று உபதேசிக்கவில்லை. யாரோடு சண்டை, எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

ஆனாலும் முள்ளிப்பட்டுக்காரர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். ஆரணிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயர் காப்பாற்றப்பட்டது, நல்லது. முன்பணத்தை வாங்கிவிட்டு ஒரே முதலாளிக்குக் கட்டுண்டு நெய்கிறவன், அந்தக் குறியீட்டைத் தின்ன முடியுமா? 1991 முதல் 2007 வரை ஜப்பானிய நிபுணர்கள் கர்நாடகத்தில் தங்கி, உயர்ந்த ஜாதிப் பட்டுப்புழு வளர்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். நூல் தரம் உயர்ந்தது. அந்த நூல் ஆரணித் தறிக்கு வரும்போது கூலியையும் கூடவே கூட்டிக்கொண்டு வரவில்லை. கூலி நூலில் இல்லை. சங்கத்தின் பலத்தில் இருக்கிறது.

காப்பி விஷயத்தில் நமக்குச் சொந்தமான ஒரு அனுபவம் உண்டு. அதை அந்த இளைஞரிடம் விரிவாகச் சொன்னோம். காப்பி போர்டு நடத்திய இந்தியா காப்பி ஹவுஸ்களை 1950களின் நடுவில் மூடத் தீர்மானித்தார்கள். தட்டு ஏந்தியவர்களும் சமையற்காரர்களும் தெருவில் நின்றார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களுக்குச் சொன்ன யோசனை: நஷ்ட ஈட்டை வாங்கிக்கொண்டு கலையாதீர்கள், கூட்டுறவுச் சங்கம் அமைத்து நீங்களே நடத்துங்கள். 1957 ஆகஸ்ட் 19ல் பெங்களூரில் முதல் சங்கம் பிறந்தது. அக்டோபர் 27ல் டில்லியில் தொழிலாளர்களே நடத்தும் முதல் காப்பி ஹவுஸ் திறந்தது. 1958ல் திருச்சூர், கேரளத்தில் அதைக் கட்டி வளர்த்தவர்களில் என்.எஸ். பரமேஸ்வரன் பிள்ளை முக்கியமானவர். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் இன்றும் அங்குள்ள காப்பி ஹவுஸில் உட்கார்ந்து வரலாம்.

நேற்று வரை "சார், என்ன வேண்டும்?" என்று கேட்டவன், பால் கணக்கு, சர்க்கரைக் கணக்கு, வாடகை, சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் தானே கற்றான். வியாபார அறிவு முதலாளியின் ரத்தத்தில் ஓடுகிற சமாசாரமல்ல என்பது அறுபது வருஷத்துக்கும் மேலாக நிரூபணமாகியிருக்கிறது. எல்லாம் சுபமாக முடியவில்லை. சில கிளைகள் மூடப்பட்டன. பெங்களூர் மகாத்மா காந்தி ரோட்டுக் கடை 2009ல் இடம் காலி செய்து சர்ச் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. காப்பி ஊற்றுகிறவன் சொந்தக்காரனானான். காப்பி பறிக்கிறவள் ஆகவில்லை. தோட்டத்துக்கும் தம்ளருக்கும் நடுவே பழைய வியாபாரமே நடந்தது.

பறிக்கிறவள் யார்? நம் இனத்தாள். 1820களிலிருந்து இலங்கையில் கண்டி மலைக் காப்பித் தோட்டங்களுக்கு நம் முன்னோர் மன்னார் வழியாகக் காட்டில் நடந்து போனார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869ல் இலைத்துரு நோய் கண்டது; சில வருஷங்களில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. துரைமார் பயிரை மாற்றினார்கள். லயத்தை மாற்றவில்லை. காப்பிக்காக வெளிநாடு போன தமிழன் அன்று விமானத்தில் போகவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போகும்படி அந்த இளைஞரிடம் சொன்னோம்.

ஆம், போகச் சொன்னோம். ஆனால் அனுப்புகிறவன் பணத்தை நம்பி அங்கே எதையும் கட்டாதே என்றும் சொன்னோம். அமெரிக்க சர்க்காரின் உதவி ஸ்தாபனமான யு.எஸ்.எய்டை 2025ல் இழுத்து மூடினார்கள். அதன் பணத்தில் நடந்த எத்தனையோ திட்டங்கள் பாதியில் நின்றன. நீ திரும்பிய பிறகும் சங்கத்து ஆள் ஒருவர் கணக்கை எழுதும்படி கற்றுக் கொடு. நோட்டு அவர்கள் பாஷையில் இருக்கட்டும். பறிக்கிற கூலிக்காரர் சங்கத்தில் அங்கத்தினரா என்று முதல் நாளே கேள். 'அது உன் வேலையல்ல' என்று அனுப்பியவர்கள் சொன்னால், அதையும் எங்களுக்கு எழுது. இதே பத்திரிகையில் போடுகிறோம்.

பிறகு ஒரு விஷயம் கேட்டோம். "தம்பி, உன் அப்பா வாங்கிய முன்பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, தெரியுமா?" அவருக்குத் தெரியவில்லை. தகப்பனாருக்கும் சரியாகத் தெரியவில்லை. முதலாளியின் நோட்டில்தான் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்குக் கணக்குச் சொல்லப் போகிறவர் முகம் சற்றுச் சிறுத்தது.

மறுநாள் காலை அவர் பெங்களூர் பஸ் ஏறவில்லை. தகப்பனாரைக் கூட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போய், பற்று வரவைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். நாலு சேலைக்கான கூலி வரவு வைக்கப்படாமல் இருந்தது. சாயங்காலத்துக்குள் விஷயம் தெரு முழுவதும் பரவி, பக்கத்து வீட்டு நெசவாளிகள் ஆறு பேர் தங்கள் துண்டுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். விமானத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.