மட்காட் பூட்ட ஓட்டை இல்லாத சைக்கிள்

"சைக்ளோகுரொஸ் எடு மச்சான். ரேஸும் ஓடலாம், டவுனும் ஓடலாம்."

திருகோணமலையில் சைக்கிள் பைத்தியம் பிடித்த நாலு பேர் கூடுகிற இடத்தில் இந்த வசனம் எப்படியும் வந்துவிடும். பிறகு கொழும்பிலிருந்து ஒரு செகன்ட் ஹான்ட் சைக்கிளின் படம் வட்ஸ்அப்பில் சுற்றும். வளைந்த ஹான்டில், கட்டை போட்ட டயர், மெல்லிய பிறேம், விலை லட்சத்தில். வெளிநாட்டில் இருக்கிற மாமாவுக்கு வொய்ஸ் மெசேஜ் போகும். அம்மாவின் சீட்டுக்காசு அசையத் தொடங்கும். அதனால்தான் இதைச் சும்மா ரசனை விசயம் எண்டு விட ஏலாது. துறைமுகப் பக்கம் வாழ்கிற ஒருத்தருக்கு அந்த வசனம் பொய் எண்டு நாங்கள் சொல்கிறோம். பொய்க்குக் காசு கட்டுறது எங்கட வீடுகள்.

முதலில் அந்தச் சைக்கிள் எதற்குப் பிறந்தது எண்டு பார்ப்போம். பிரான்சில் 1902 இல் முதல் தேசியப் போட்டி நடந்த விளையாட்டு இது. உலகச் சம்பியன் போட்டி 1950 இல் தொடங்கியது. குளிர்காலம், சேறு, புல்வெளி, மணல், படிக்கட்டு. இரண்டரையிலிருந்து மூன்றரை கிலோமீற்றர் வரையான வட்டப்பாதையைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். பெரிய ஆண்கள் போட்டி ஒரு மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும். 40 சென்ரிமீற்றர் உயரத் தடுப்பு வந்தால் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டு ஓடி, திரும்பப் பாய்ந்து ஏறுவார்கள். பார்க்க உண்மையிலேயே அழகு. அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் பிறேமே செய்யப்படுது. தோளில் போட வசதியாக நடுக்கம்பி, சேறு அடையாமல் சில்லைச் சுற்றி இடைவெளி, மற்றதெல்லாம் வெட்டி எறியப்பட்ட பாரம். ரேஸுக்கெண்டே செய்த பிறேம்கள் பலதில் மட்காட் பூட்ட ஓட்டை இல்லை, கரியர் பூட்ட ஓட்டை இல்லை, ஸ்டான்ட் நிற்க இடமில்லை.

இன்னொரு விசயத்தை விற்கிறவர் சொல்லமாட்டார். பெரிய சைக்ளோகுரொஸ் போட்டியில், அதுவும் சேறு கூடினால், ஒருவர் பெரும்பாலும் ஒரே சைக்கிளில் ஓடுவதில்லை. பாதையோரம் பிட் இருக்கும். சேறு ஒட்டிய சைக்கிளை அங்கே கொடுத்துவிட்டுக் கழுவின சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்கள். கழுவவும் துடைக்கவும் ஆள் நிற்கும். ஒரு ரேஸுக்கே ஒரு சைக்கிள் போதாத விளையாட்டின் சைக்கிளைத்தான், ரேஸுக்கும் சந்தைக்கும் ரியூசனுக்கும் சேர்த்து ஒண்டு போதும் எண்டு எங்களிட்ட விற்கப் பார்க்கிறார்கள்.

எங்கட ஊரில் சைக்கிள் என்ன வேலை செய்யுது? விடிய முதல் மீன் பெட்டி ஏத்துது. தம்பியைப் பாடசாலையில் இறக்குது. தண்ணிக் கான், அரிசிப் பை, சில நாளில் காஸ் சிலிண்டர். மார்கழி வாடையில் ரோட்டுத் தண்ணி முதுகில் கோடு போடும், அப்ப மட்காட் இல்லாதவனின் வெள்ளைச் சேட்டைப் பார்த்தாலே தெரியும். ஆடியில் கச்சான் அடிக்கும்போது உள்துறைமுக வீதியில் எதிர்க்காத்துக்கு உழக்குறதே ஒரு ரேஸ். சீனக்குடாப் பக்கம் போனால் மா ஆலை லொறியும் சீமெந்து லொறியும் முழங்கையை உரசிக்கொண்டு போகும். இந்த வேலைகளில் ஒண்டையாவது வளைந்த ஹான்டிலில் குனிந்துகொண்டு செய்து பாருங்கள்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேணும். மூன்று பக்கமும் கடல் கிடக்கிற ஊர். செயினைக் கழுவாமல் கொஞ்ச நாள் விட்டால் செம்மஞ்சளாகிவிடும். ஸ்போக் தலையில் துரு பிடித்தால் ஒரு நாள் டக்கெண்டு அறும். இரும்பு பிறேமுக்குள் அலுமினிய சீற் தண்டைக் கிறீஸ் பூசாமல் விட்டுப் பாருங்கள், இரண்டும் ஒட்டிக்கொள்ளும், சுத்தியல் கொண்டு வந்தாலும் அசையாது. இரும்பு பிறேம் வெடித்தால் கேற் ஒட்டுகிற அண்ணாவிடம் கொண்டு போகலாம். அலுமினியத்துக்கு அவர் கையை விரிப்பார். கார்பனைக் கண்டால் சிரிப்பார். எண்ணெயில் ஓடுகிற டிஸ்க் பிறேக்குக்கு எண்ணெய் மாற்றிக் காத்து எடுக்க வேணும், அந்தச் சாமான் எங்கட மூலைக்கடையில் இல்லை. கேபிள் டிஸ்க் சமாளிக்கலாம். வி-பிறேக் கட்டை எந்தக் கடையிலும் தொங்குது. எங்கட குழுவில் ஒருவர் கொழும்பில் ஒரு கடையில் வாங்கின சைக்கிளுக்கு ஒரேயொரு பிறேக் பாட் வர இரண்டு மாதம் காத்திருந்தார். அந்த இரண்டு மாதமும் அவர் ஏறித் திரிந்தது அப்பாவின் பழைய இரும்புச் சைக்கிளில்.

அடுத்தது டயர். இதில்தான் கனபேர் மாட்டுப்படுறது. அப்பாவின் பழைய சைக்கிளிலும் 28 எண்டு எழுதியிருக்கும், ரேஸ் சைக்கிள் 700சி யையும் 28 எண்டு சொல்வார்கள். இரண்டும் ஒண்டு இல்லை. 28க்கு ஒண்டரை எண்ட பழைய ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீற்றர், 700சி யில் 622. 13 மில்லிமீற்றர் வித்தியாசத்துக்கு எந்த நெம்புகோலும் உதவாது. ஆனால் மவுண்டன் பைக்கில் 29 எண்டு சொல்லுறதும் அதே 622 தான். டயர் விற்கிறவருக்கே சிலநேரம் இது தெரியாது. அப்ப 29 டயரை சைக்ளோகுரொஸில் போடலாமே? ரிம்மில் ஏறும், பிறேமில் இடம் இராது. சர்வதேசப் போட்டி விதி டயரை 33 மில்லிமீற்றரோடு நிறுத்துது, பழைய ரேஸ் பிறேம்கள் அந்த அளவை நினைத்தே செய்யப்பட்டவை. 29 டயர் பெரும்பாலும் 50ஐத் தாண்டும். மறுபக்கமாகப் பாருங்கள்: 29 பிறேமில், ரிம் அகலம் இடம் கொடுத்தால், 40 அளவான டயரும் போடலாம், தடித்ததும் போடலாம். ஞாயிறு மணலுக்கு ஒண்டு, கிழமை நாளுக்கு ஒண்டு. "ரெண்டுக்கும் ஒண்டு" எண்ட பேச்சுக்குக் கிட்ட வருகிற சாமான் இதுதான். முன்னுக்கு சொக் இல்லாத இரும்பு அல்லது அலுமினிய 29, நேர் ஹான்டில், வி-பிறேக் அல்லது கேபிள் டிஸ்க், பின்னுக்குக் கரியர் ஓட்டை. அதில் வளைந்த ஹான்டில் மாட்டி ஸ்டைல் காட்ட நினைக்கிறவருக்கு ஒரு வார்த்தை: ரோட் பிறேக் லீவர் இழுக்கிற கேபிள் நீளம் சாதாரண வி-பிறேக்குக்குக் காணாது. பிடிக்காது. இறக்கத்தில் போய் அதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

"ரேஸுக்கு எண்டு ஆசைப்படுறது தப்பா?" எண்டு கேட்பீர்கள். தப்பில்லை. எங்கட கோபம் ரேஸ் நடத்துகிறவர்கள் மேல்தான் கூட. நாட்டின் பெரிய ரோட் ரேஸ்களில் முன்னுக்கு நிற்கிறது முப்படை அணிகள். அவர்களுக்குச் சைக்கிளும் பயிற்சியும் திருத்த ஆளும் நிறுவனம் கொடுக்குது. மீன்வாடியிலிருந்து வருகிற பொடியனுக்கு யார் கொடுக்கிறது? அவன் தோற்றால் "உன்ர சைக்கிள் சரியில்ல" எண்டு சொல்லுவோம். அவனும் நம்பிக் கடன்படுவான். கால் பலத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் கடன் பலத்தைப் பார்க்கிறோம். சித்திரை வருசத்துக்குக் கழகங்கள் நடத்துகிற சாதாரண சைக்கிள் ஓட்டத்தைக் கொஞ்சப் பேர் கேலியாகப் பார்க்கினம். எங்கட கணக்கில் ஊரில் நடக்கிற ஒரேயொரு நேர்மையான ரேஸ் அதுதான்.

2022ஐ யாரும் மறக்கேல்லத்தானே. அந்த யூலையில் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாவில் நிற்க, அதில் பெரும்பாலானவை காடு மூடி வெறுமையாகக் கிடக்க, அதே ஊரில் நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். அப்ப ஊரைச் சுமந்தது கரியர் உள்ள சைக்கிள்கள். ரூபாய் விழுந்து சைக்கிள் விலை ஏறினபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பழசுகளை எடுத்து ஒட்டுப் போட்டு ஓடினோம். அந்த நேரம் அப்பாவின் சைக்கிளைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கேல்ல.

ஆகவே கழகங்களுக்கு ஒரு கேள்வி. பெல்ஜியத்தில் கொக்சைட் எண்ட கடற்கரை ஊரில் மணல்மேட்டுக்குள்தான் சைக்ளோகுரொஸ் ஓடுகிறார்கள், 2012 உலகப் போட்டியும் அங்கேதான். மணல் எங்களிடம் இல்லையா? உப்புவெளியில் இரண்டு கிலோமீற்றர் வட்டம் போடுங்கள். பாதி ஈர மணல், பாதி காய்ந்த மணல், நடுவில் இரண்டு பனங்குற்றி, தூக்கிக்கொண்டு தாண்ட வேணும். கரியரும் மட்காட்டும் பூட்டின சைக்கிள் மட்டும் அனுமதி. ஆறாயிரம் டொலர் சைக்கிளோடு வருகிறவரும் கரியர் பூட்டிக்கொண்டு வரட்டும், ஓட்டை இருந்தால்.

அதில் பெண்களுக்கும் ஒரு ஓட்டம் வேண்டும், இனாமாக இல்லாமல், அதே மணலில் அதே தூரம். இந்த ஊரில் ஆண்களுக்குச் சமனாகச் சைக்கிள் ஓடுறது பெண் பிள்ளைகள்தான். பாடசாலை விடுகிற நேரம் தெருவில் நின்று எண்ணிப் பாருங்கள். ஆனால் பாவாடையோடும் சாறியோடும் ஓடுகிறவருக்கு உயர்ந்த நடுக்கம்பிக்கு மேலால் காலைச் சுழற்றிப் பாய்ந்து ஏறு எண்டால் எப்படி? லேடீஸ் சைக்கிளின் தாழ்ந்த கம்பியை ரேஸ்காரர் "பலமில்லாத பிறேம்" எண்டு ஒதுக்குவார்கள். அந்தப் பிறேமில் பின்னுக்கு ஒரு பிள்ளையும் முன் கூடைக்குள் மரக்கறியும் வைத்து, நிலாவெளி ரோட்டில் பஸ்ஸுக்கு விலத்தி ஓடுகிற ஒரு ரீச்சரை எங்களுக்குத் தெரியும். பனங்குற்றிக்குப் பக்கத்தில் அவரையும் கொண்டுவந்து நிறுத்துங்கள், மணலில் யார் முதலில் இறங்கித் தள்ளுகினம் எண்டு பார்ப்போம்.