கன்று இலவசம்... மரம் யாருக்கு?



மழைக்காலம் வந்துவிட்டால் மரக்கன்று ஏற்றிய வண்டி நம் ஊருக்கு வருகிறது. தேக்கு, வேம்பு, மகாகனி, செம்மரம், நாவல் என்று தருகிறார்கள். காசு கிடையாது. வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறோம். நல்லதுதான். மரம் வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொன்னதில்லை. களத்து மேட்டு வேம்பும், வரப்புப் பனையும், கிணற்றடிப் புங்கனும் மானியம் வாங்கி நட்டதா என்ன?

ஆனால் இரண்டு கேள்வியை நாம் சத்தமாகக் கேட்டாக வேண்டும். அந்தக் கன்று மரமாகிற வரைக்கும் நமக்குச் சோறு போடுவது யார்? மரமான பிறகு அதை வெட்டி விற்கிற உரிமை யாருக்கு? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் எத்தனை லட்சம் கன்று கொடுத்தாலும் சிறு விவசாயி நிலத்தில் மரம் நிற்காது.

ஏழு ரூபாய்க் கணக்கு

2021-22ல் மாநில அரசு நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தைத் தொடங்கியது. வரப்பில் நட்டால் ஏக்கருக்கு 50 கன்று, நிலத்துக்குள் நட்டால் ஏக்கருக்கு 160 கன்று. பிழைத்து நிற்கிற கன்றுக்கு இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை வருஷத்துக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன்றுகூடச் சாகாமல் 160ம் பிழைத்தால் வருஷத்துக்கு 1,120 ரூபாய். மூன்று வருஷமும் சேர்ந்து 3,360 ரூபாய். தண்ணி ஊற்ற வேண்டும், ஆடு கடிக்காமல் வேலி கட்ட வேண்டும், களை எடுக்க வேண்டும். நாலு பேரைக் களைக்கு விட்டால் ஒரு வருஷத்துப் பணம் ரெண்டு நாளில் தீர்ந்துபோகும். ஐந்தாம் வருஷத்திலிருந்து அதுவும் இல்லை. தேக்கு விலைபோகிற மரமாக இருபது வருஷமாவது ஆகும். நடுவில் பள்ளிக்கூடச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் காத்திருக்குமா?

அதனால் என்ன நடக்கிறது? டவுனில் சம்பளமோ கடையோ இருக்கிறவரால் இருபது வருஷம் காத்திருக்க முடியும். அவர் நிலம் முழுக்க மரத்தைப் போட்டுவிட்டு வேலி அடைத்துவிடலாம். அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன் வெளியே போகிறான். களை எடுக்கவும் அறுக்கவும் போன பெண்களுக்கு வேலை போகிறது. ரெண்டு ஏக்கர்க்காரனோ வரப்பில் பத்துக் கன்றை நட்டுவிட்டு, நிழல் விழுகிறது என்று பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். திட்டம் ஒன்றுதான். பலன் போய்ச் சேருகிற இடம் வேறு.

என் வீட்டுத் தேக்கு

சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். எங்க அப்பா வரப்பில் வளர்த்த தேக்கு பதினாலு நின்றது. மகள் கல்யாணத்துக்கு அதை நம்பித்தான் தேதி குறித்தோம். மரம் வெட்டியாச்சு. லாரியில் ஏற்ற சீட்டு வேண்டும் என்றார்கள். சிட்டா, அடங்கல், வரைபடம், வி.ஏ.ஓ. சான்று என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நாளைக்கு வாங்க" என்றே மூணு மாசம் ஓடியது. கட்டை வெயிலில் வெடித்தது. என் அவசரம் தெரிந்த வியாபாரி முதலில் பேசிய விலையில் பாதிதான் தருவேன் என்றார். கல்யாணம் வட்டிக் கடனில் நடந்தது.

வெட்டின தேக்கு அடிக்கட்டையில் அடுத்த மழைக்கே துளிர் விட்டது. நல்ல துளிர். அதை வளரவிட்டிருந்தால் இன்னொரு மரம். நானே அரிவாளால் அறுத்துப் போட்டேன். மரத்தின் மேல் கோபம் இல்லீங்க. அந்தச் சீட்டுக்காக இன்னொரு தடவை நடக்க என் மகனுக்கு விதி வேண்டாம் என்றுதான். ஊருக்கு ஊர் இப்படி எத்தனை துளிர் அறுபட்டிருக்கும் என்று யாராவது கணக்கு எடுத்தார்களா?

மலையில் நிலைமை இன்னும் கஷ்டம். நீலகிரி, கொடைக்கானல் மாதிரி அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி சொந்தப் பட்டா நிலத்து மரத்தையும் குழுவின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள்தான், நிலம் யாருடையது என்பது கணக்கில்லை என்றது. அந்த வழக்கு நம் கூடலூர்ப் பக்கத்துக் காடு அழிவதை எதிர்த்துக் கிளம்பியது. காட்டைக் காப்பாற்ற வந்த உத்தரவை நாம் எதிர்க்கவில்லை. நாம் நட்ட தோப்புக்கு அது பொருந்தாது என்றுகூட விவரம் தெரிந்தவர்கள் சொல்லலாம். ஆனால் "விட்டு வைத்தால் நாளைக்குக் காடு என்று எழுதிவிடுவார்களோ" என்ற பயம் இருக்கிறதே, அது தானாக முளைத்த கன்றையும் பிடுங்க வைக்கிறது.

கணக்குக்கு மட்டும் நம் மரம்

இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படத்தில் காட்டை அளக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு மேல் பரப்பு, பத்து சதவீதத்துக்கு மேல் மர நிழல் இருந்தால் வனப்பரப்பு என்று எழுதிக்கொள்கிறது. அது பட்டாவா, புறம்போக்கா என்று பார்ப்பதில்லை. 2021-26க்கான 15ஆவது நிதிக்குழு, மாநிலங்களுக்கு வரிப் பணத்தைப் பங்கிடும்போது 10 சதவீத மதிப்பை அடர்ந்த காட்டுக்குக் கொடுத்தது. காடு நின்றால் மாநிலத்துக்குப் பணம் உண்டு. தோப்பு நின்றால் விவசாயிக்கு ஏழு ரூபாய்!

2022ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கப் போகிறோம் என்றது. வனத்துறை நிலத்தை மட்டும் வைத்து அதை எட்ட முடியாது. நம் வரப்பும் மானாவாரிக் காடும் இல்லாமல் அந்தக் கணக்கு நிறையாது. நம்மிடம் கேட்கிறவர்கள் அதற்குரிய விலையைத் தர வேண்டாமா?

மற்ற நாட்டில் எப்படி?

சீனாவில் 1998 யாங்சி வெள்ளத்துக்குப் பிறகு, 1999ல் சரிவு நிலத்துப் பயிரை விட்டு மரம் நடச் சொன்னார்கள். சும்மா சொல்லவில்லை. யாங்சி மேல்பகுதியில் ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 2,250 கிலோ தானியம் கொடுத்தார்கள். ஏக்கருக்கு 900 கிலோ. காட்டு மரத்துக்கு 8 வருஷம், பழமரம் போன்றவற்றுக்கு 5 வருஷம். பிறகு தானியத்துக்குப் பதில் பணமானது. அங்கேயும் பல இடத்தில் விவசாயியைக் கேட்காமல் மேலிருந்து உத்தரவு போட்டார்கள், பாக்கியும் வைத்தார்கள். ஆனால் விட்ட பயிருக்கு ஈடு தரவேண்டும் என்கிற நியாயத்தை ஒப்புக்கொண்டார்கள்.

கோஸ்டா ரிக்காவில் 1996ல் சட்டம் போட்டு, பெட்ரோல், டீசல் வரியிலிருந்து காடு வைத்திருப்பவருக்கு ஹெக்டேர் கணக்கில் வருஷா வருஷம் பணம் தந்தார்கள். அதில் நமக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. ஆரம்பத்தில் பத்திரம் இல்லாத சிறு விவசாயி அதில் சேர முடியாமல் போனான். பெரிய நிலக்காரர்களுக்கே பலன் அதிகம் போனது. பட்டா உள்ளவருக்கு மட்டும் என்றால் இங்கேயும் அதே கதைதான்.

நாம் கேட்பது என்ன?

1. கன்று நடுகிற அன்றே வி.ஏ.ஓ. அதை அடங்கலில் ஏற்றி, கையில் ரசீது தர வேண்டும். அந்த ரசீதே வெட்டவும் ஏற்றவும் சீட்டு. பதிவு செய்த தோப்பில் வெட்டுவதை எளிதாக்கச் சொல்லி 2025 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாநிலங்களுக்கு மாதிரி விதிகள் அனுப்பியது. அதை கம்ப்யூட்டர் தெரிந்தவருக்கு மட்டும் என்று ஆக்கக் கூடாது.

2. ஊக்கத்தொகை கன்றுக் கணக்கில் வேண்டாம். விட்ட பயிருக்கு ஈடாக ஏக்கர் கணக்கில், முதல் வருமானம் வருகிற வரைக்கும் தர வேண்டும்.

3. வெட்டவே கூடாது என்று சட்டம் சொல்கிற மலை நிலத்துக்கு, மரம் நிற்கிற காலம் முழுக்க ஆண்டு வாடகை தர வேண்டும்.

4. குத்தகைதாரர் உழுகிற நிலத்தில் அவர் சம்மதமும் பங்கும் இல்லாமல் திட்டத்தில் சேர்க்கக் கூடாது.

விவசாயிகளே! அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இந்த நாலையும் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள். நகலைச் சங்கத்துக்குக் கொடுங்கள். தீர்மானங்களோடு கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போவோம்.

கன்று கொடுத்தால் போதாது! காத்திருக்கச் சோறு கொடு! வெட்ட உரிமை கொடு!