கரடிக்கு அஞ்சிக் கைத்துப்பாக்கி

மலையேறச் செல்லும் புதுவை நண்பர்கள் சிலரிடையே அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. அமெரிக்கக் காடுகளில் நடப்போர் கரடிக்கு அஞ்சி இடுப்பில் கைத்துப்பாக்கி செருகிச் செல்கின்றனர். மாநிலச் சட்டம் தடுக்காத இடங்களில், 2010 பிப்ரவரி முதல் தேசியப் பூங்காக்களுக்குள்ளும் அதற்கு அனுமதி உண்டு. நம் நாட்டில் மட்டும் குடிமகன் ஏன் கரடிக்கு முன் வெறுங்கையோடு நிற்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு அவர்கள் வைத்திருக்கும் விடை, கரடியையும் அறியாதது, காட்டையும் அறியாதது என்பது என் எண்ணம்.

புதுச்சேரியில் மலையும் இல்லை, கரடியும் இல்லை. கைத்துப்பாக்கிக்கோ இங்கே ஒரு வரலாறு உண்டு. இந்தியரை நிராயுதபாணிகளாக்கிய 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பிரெஞ்சு எல்லைக்குள் செல்லுபடியாகவில்லை. 1910இல் இங்கு வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். அவர்களுள் ஒருவரான வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்டார். ஆயுதம் மறுக்கப்படுவது அவமானம் என்னும் உணர்வு, ஆகவே, இவ்வூருக்குப் புதிதன்று. அதை நான் எள்ளி நகையாடவில்லை. ஆயினும் அந்தத் துப்பாக்கி ஓர் அரசை நோக்கி நீண்டது. குறிபார்த்துக் காத்திருந்து சுடுவது வேறு. புதருக்குள்ளிருந்து பாயும் விலங்கிடமிருந்து தப்புவது வேறு.

தென்னிந்தியக் காடுகளில் வாழ்வது தேன்கரடி. கறையானும் எறும்பும் தேனும் பழங்களுமே அதன் உணவு. மனிதனைத் தின்பதற்காக அது தாக்குவதில்லை. கண்பார்வை மந்தம், புற்றில் தலையை நுழைத்து உறிஞ்சிக் கொண்டிருக்கையில் அக்கம்பக்கத்து ஓசையும் அதற்கு எட்டுவதில்லை. திடீரென மிக அருகில் மனிதனைக் கண்டதும் வெருண்டு பாய்கிறது. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்த இனத்துக்கு ஓடித் தப்புவதைவிட எதிர்த்துப் பாய்வதே பயன் தந்திருக்கிறது என்பர் ஆய்வாளர். புற்றைப் பெயர்க்கும் அந்த நகங்கள் பெரும்பாலும் முகத்தையும் தலையையுமே குறிவைக்கின்றன. பிரிக்கப்படாத மத்தியப் பிரதேசத்தில் 1989 ஏப்ரல் முதல் 1994 மார்ச் வரை கரடியால் தாக்கப்பட்டோர் 735 பேர். இறந்தோர் 48 பேர். எஞ்சியோரில் கண்ணையும் தாடையையும் இழந்து வாழ்ந்தவர்களின் வேதனை இக்கணக்கில் அடங்காது. எனவே அச்சம் பொய்யன்று. மருந்துதான் பொருந்தவில்லை.

அலாஸ்காவின் அனுபவத்தைப் பார்ப்போம். அங்கு 1883 முதல் 2009 வரை நிகழ்ந்த, துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 கரடி மோதல்களைத் தாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலானோர் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். கைத்துப்பாக்கி 84 விழுக்காடு நிகழ்வுகளில் கரடியைத் தடுத்திருக்கிறது. நண்பர்கள் எடுத்துக்காட்டும் எண் இதுவே. அதே ஆய்வு கூறும் இன்னொன்றை அவர்கள் விட்டுவிடுகின்றனர்: துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் இடையே காயமடைந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உறையிலிருந்து எடுக்க நேரமில்லை, விலங்கு மிக நெருங்கிவிட்டது, விசை சிக்கிக்கொண்டது என்பன போன்ற காரணங்கள். அதே ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மிளகாய்க் காரம் தெளிக்கும் குப்பியை வைத்திருந்தோரில் 98 விழுக்காட்டினர் நெருங்கிய மோதலிலும் காயமின்றித் தப்பினர். இவையெல்லாம் அந்நாட்டுக் கரடிகளைப் பற்றியவை. நம் கரடியோ சில அடித் தொலைவில், முன்னறிவிப்பின்றிப் பாய்வது. நம் குடிமகனுக்கு உரிமத்தின் பேரில் கிடைப்பதும் பெரும்பாலும் .32 ரிவால்வர்தான், சடை அடர்ந்து நூறு கிலோவுக்கு மேலும் வளரும் விலங்கை ஒரே நொடியில் வீழ்த்துவதற்கு ஆனதன்று அது.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், தன்னையோ பிறரையோ காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்கிறது. ஆனால் அதே பிரிவு, அச்சட்டத்தை மீறும் செயலில் ஈடுபட்டிருந்தவருக்கு இச்சலுகை இல்லை என்றும் சொல்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான முன் அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதத்துடன் நுழைவது அத்தகைய மீறலே. உயிர்காக்க எடுத்துச் சென்ற ஆயுதமே, உயிர்காத்துக்கொண்டேன் என்னும் வாதத்தைப் பறித்துவிடுகிறது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. காட்டுக்குள் துப்பாக்கியோடு திரியும் எவனும் கரடிக்கு அஞ்சியே வந்தேன் என்று சொல்லலாம் என்றால், வேட்டைக்காரனுக்கு வேறு சாக்கு வேண்டியதில்லை.

2022 நவம்பர் 6 அன்று தென்காசி மாவட்டம் கடையம் அருகே நிகழ்ந்ததை நினைவுகூருங்கள். இருசக்கர வண்டியில் சென்ற வியாபாரி ஒருவரைக் கரடி வீழ்த்தி முகத்தைக் குதறியது. காப்பாற்ற ஓடியவர்களையும் தாக்கியது. சுற்றிலும் நின்று ஊரார் கல்லெறிந்தும் அது விலகவில்லை. பின்னர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்துக் காட்டில் விட்டனர், அது இறந்துபோயிற்று. அந்தக் கூட்டத்தில் ஒருவரிடம் ரிவால்வர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கரடியின் கீழே மனிதர் கிடந்தார். எதிர்ப்புறம் மனிதர்கள் நின்றனர். பதறிய கை எங்கே சுட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் அதில் தெரிகிறது. கரடியிடம் அகப்படுவோர் பெரும்பாலும் நம்மைப் போல் விடுமுறைக்கு மலையேறுவோர் அல்லர். விறகும் இலுப்பைப் பூவும் பொறுக்கச் செல்லும் பெண்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர், விடியலில் வெளிக்குப் போவோர். துப்பாக்கிக்கும் உரிமத்துக்கும் செலவழிக்க அவர்களால் ஆகாது. கோத்தகிரிப் பக்கம் கோயில் விளக்கெண்ணெயைத் தேடிக் கரடிகள் ஊருக்குள் வருகின்றன. அங்கே வேண்டுவது தெருவிளக்கும், வீட்டிலேயே கழிப்பறையும், மூடிய குப்பைத்தொட்டியும், பாதையோர உண்ணிச்செடிப் புதர்களை வெட்டி அகற்றுவதும்தான். இவற்றைக் கேட்காமல் நமக்கொரு கைத்துப்பாக்கி கேட்பது, நம் அச்சத்தை மட்டுமே அச்சமாகக் கருதுவதாகும்.

கரடியைச் சங்கப் புலவர்கள் 'எண்கு' என்றனர். புற்றை அகழ்ந்து குரும்பி தின்னும் அதன் வழக்கத்தை நன்கு கண்டிருந்தனர். இரவுக்குறிக்கு மலைவழியே வரும் தலைவன் வெறுங்கையோடு வருவதில்லை, வேலேந்தி வருகிறான். அவன் வீரத்தில் தோழிக்கு ஐயமும் இல்லை. ஆயினும் எண்கும் யானையும் திரியும் வழியில் இரவில் வாராதே, பகலில் வா, அன்றேல் மணந்துகொள் என்றே அவள் சொல்கிறாள். இதைவிடக் கூரிய வேலாக எடுத்து வா என்று எந்தத் தோழியும் சொல்லி நான் படித்ததில்லை. காட்டை அருகிலிருந்து அறிந்தவர்களின் அறிவு அது. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் பழங்குடியினர் வழிகாட்டிகளாகின்றனர். புற்று எங்கே உள்ளது, எந்தப் பழம் எப்போது உதிர்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர் பின்னே, பகலில், கூட்டமாக, பேசிக்கொண்டு நடப்போம். அந்தப் பேச்சொலி கேட்டால் பெரும்பாலும் கரடியே விலகிக்கொள்ளும்.