முதற்படியை அறுத்துவிட்டு ஏணி காட்டுகிறார்கள்!

தோழரே!

தலைமைக்குப் பயிற்சி என்று ஒரு புதுச்சரக்கு அங்காடிக்கு வந்திருக்கிறது. பழங்குடி இளைஞர்க்குத் தலைமைப் பண்பு முகாம். பெண்டிர்க்கு ஆளுமை வளர்ச்சிப் பட்டறை. இளையவர் ஒருவர்க்கு மூத்தவர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தும் திட்டம். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தொல்குடி மக்களுக்கென இவ்வகை ஏற்பாடுகள் பல உண்டு. அவற்றைப் பார்த்து, இங்கேயும் தொண்டு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் பெருமுதலாளிகளின் அறக்கட்டளைகளும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கியிருக்கின்றன.

முகாம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். குளிரூட்டிய மண்டபம். குத்துவிளக்கு. ஏரிக்கரைக் குடிசையிலிருந்து வேனில் ஏற்றிவரப்பட்ட இருபது இருளர் பெண்கள் பின்வரிசையில். கழுத்துப்பட்டை அணிந்த பெரியவர் ஒருவர், "உங்களுக்குள்ளே ஒரு தலைவி உறங்குகிறாள், அவளை எழுப்புங்கள்!" என்கிறார். பிற்பகல் உணவு, சான்றிதழ், புகைப்படம். மாலையில் அதே வேன், அதே ஏரிக்கரை. எழுப்பப்பட்ட தலைவி எங்கே போய் உட்காருவாள்? அதை மட்டும் எவரும் சொல்லுவதில்லை.

பயிற்சி கூடாது என்பதல்ல நமது வாதம். நீந்தக் கற்பிப்பவனை நாம் ஏன் வெறுக்க வேண்டும்? குளத்தை மண்போட்டு மூடிவிட்டுக் கரையிலே நின்று கைவீசக் கற்றுக்கொடுக்கிறானே, அவனைத்தான் கேள்வி கேட்கிறோம். புதுவையிலே நடப்பது அதுதான்.

திரௌபதி முர்மு அவர்களை எடுத்துக்கொள்வோம். சந்தால் பழங்குடியிலே பிறந்தவர். 2022-இல் குடியரசுத் தலைவரானார். அவரைக் கொண்டுவந்து நிறுத்திய கட்சியோடு நமக்குள்ள பகை வேறு. அதை இன்று ஒத்திவைப்போம். அவர் ஏறிய படிகளை மட்டும் எண்ணுங்கள். 2015-இல் சார்க்கண்டு ஆளுநர். 2000-இல் ஒடிசா சட்டமன்ற உறுப்பினர், பின்னர் அமைச்சர். அதற்கும் முன்னே? 1997-இல் ராய்ரங்பூர் என்னும் சிற்றூரின் நகரப் பஞ்சாயத்துக் கவுன்சிலர்! சாக்கடை அடைப்பும் குழாய்த் தண்ணீரும் தெருவிளக்கும் பேசும் அந்தச் சிறிய மன்றந்தான் அவருக்கு முதற்படி. அந்தப் படி இங்கு உண்டா? புதுவையிலே முர்முவைப் போல் ஒரு பெண் பிறந்திருந்தால், அவள் காலை எதன்மேல் வைத்திருப்பாள்?

கேளுங்கள் இந்தக் கதையை. 1880-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரன் இங்கே கொம்யூன்களை அமைத்து, நகரசபைகளுக்குத் தேர்தல் வைத்தான். அது குறைபாடுள்ள தேர்தல், ஐயமில்லை. வெள்ளையனுக்கு ஒரு பட்டியல், நம்மவனுக்கு வேறு பட்டியல். தடியும் சாராயமும் வாக்குச்சீட்டைவிட வலிவுடன் இருந்த காலமும் உண்டு. ஆயினும் மன்றம் என்று ஒன்று இருந்தது. அதில் நாற்காலி என்று ஒன்று இருந்தது. அந்த நாற்காலியின் மதிப்பு என்ன என்பதை 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் காட்டிற்று. இந்த மண் பிரான்சோடு இருப்பதா, இந்தியாவோடு இணைவதா என்ற கேள்விக்கு அன்று விடையளித்தவர்கள் யார்? மாமன்னரா, படைத்தலைவரா? பிரதிநிதிச் சபை உறுப்பினரும் நகரசபை உறுப்பினருமாக 178 பேர்! இணைப்புக்கு 170, எதிர்ப்புக்கு 8. சாக்கடை பேசும் மன்றத்தார் ஒரு நாட்டின் எல்லையையே திருத்தி எழுதினர்.

இன்னொரு கீழூர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். யாரைக் கூப்பிடுவார்கள்?

விடுதலை பெற்ற புதுவையில் 1968-இல் நடந்த நகராட்சித் தேர்தலுக்கு அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006-இல் நடந்தது. முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளி! ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, மணந்து, தன் மகளுக்கு மணம் பேசும் காலம். உள்ளாட்சித் தேர்தலை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்தியே தீரவேண்டும், மூன்றிலொரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கியே தீரவேண்டும் என்று 1992-இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்திய பிறகும் பதினான்கு ஆண்டு தூங்கினார்கள். 2006-இல் ஐந்து நகராட்சிகளுக்கும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் உறுப்பினர் வந்தனர், மூன்றிலொருவர் பெண். அரியாங்குப்பத்திலும் வில்லியனூரிலும் பாகூரிலும் மண்ணாடிப்பட்டிலும் முதன்முதலாகப் பெண்கள் கோப்பைத் திறந்தனர். அதிகாரியை எதிரில் உட்காரவைத்துக் கணக்குக் கேட்டனர். ஐந்தே ஆண்டு. 2011-இல் காலம் முடிந்தது. நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு, சாவியை அதிகாரியின் கையில் கொடுத்தார்கள்.

கடற்கரையிலே மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்து நகரமன்றக் கட்டடம். உலக வங்கிப் பணத்தில் அதே அழகில் எழுப்பி, 2021-இல் திறந்து வைத்தனர். சுண்ணாம்புப் பூச்சும் தூண்களும் கண்ணைப் பறிக்கின்றன. திறந்த அன்று உள்ளே அமர்வதற்குத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. உயிர் போன பிறகு உடலுக்குப் பட்டாடை!

இனி இருளர் கதைக்கு வருவோம்.

புதுவையின் நிலப்படம் தெரியுமல்லவா? தமிழ்நாட்டு வயலுக்கு நடுவே புதுவைத் தெரு, புதுவைத் தோப்புக்கு நடுவே தமிழ்நாட்டு ஏரி. இருளருக்கு இந்தக் கோடு தெரியாது. சவுக்குத் தோப்புக் காவலும், ஏரியில் மீன்பிடியும், செங்கற்சூளையும், அரிசி ஆலையும் எங்கே இழுக்கின்றனவோ அங்கே போவர். அக்காள் கோட்டுக்கு இப்பால், தங்கை அப்பால். அப்பால் இருந்த தங்கை அட்டவணைப் பழங்குடி. இப்பால் இருந்த அக்காள்? ஒன்றுமில்லை! புதுவைக்கு அட்டவணைச் சாதிப் பட்டியல் 1964-இல் வந்தது. பழங்குடிப் பட்டியலோ 2016 டிசம்பர் வரை வரவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் புதுவையின் பழங்குடித் தொகை சுழியம். ஏரிக்கரையில் அடுப்புப் புகைந்தது, குழந்தை அழுதது, கணக்குப் புத்தகத்தில் மட்டும் ஆளில்லை! 2016-இல் வில்லியையும் வேட்டைக்காரரையும் உள்ளடக்கி இருளர் சேர்க்கப்பட்டனர். காட்டுநாயக்கர், மலைக்குறவர், எருக்குலர், குறுமன்ஸ் அந்த ஆணையில் இடம்பெறவில்லை.

பட்டியல் வந்துவிட்டது, இனி நாற்காலியும் வரும் என்று நம்பினோம். 2021 செப்டம்பரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டது. இட ஒதுக்கீட்டுக் கணக்கு நீதிமன்றத்தில் இடறியது. அக்டோபரில் என்ன செய்தார்கள் தெரியுமா? பிற்படுத்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இருந்த ஒதுக்கீட்டையே எடுத்துவிட்டுப் புதுத்தேதி குறித்தார்கள்! எதிர்ப்பு எழுந்தது, உயர்நீதிமன்றம் தடை விதித்தது, தேர்தல் நின்றது. அறுபது ஆண்டு காத்திருந்த குடிக்கு இடம் காகிதத்தில் வந்தது, வேட்புமனு எழுதுமுன்னே காகிதத்திலேயே போயிற்று. நாற்காலியை எடுத்தவர்களும் பயிற்சிக் குத்துவிளக்கை ஏற்றுவதற்கு முந்துகிறவர்களும் வேறுவேறு ஆட்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

மேல்மாடியையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். சட்டமன்றத்தில் தேர்தலுக்குரிய இடம் 30, அட்டவணைச் சாதியினர்க்கு 5, பழங்குடிக்கு ஒன்றுமில்லை. 2016-இல் நான்கு பெண்கள் வென்றனர்; 2021-இல் ஒரே ஒருவர், நெடுங்காட்டிலிருந்து சந்திர பிரியங்கா. ரேணுகா அப்பாதுரை அவர்களுக்குப் பிறகு நாற்பதாண்டு கழித்து வந்த பெண் அமைச்சர் அவர். 2023 அக்டோபரில் விலகினார். சாதியாலும் பெண் என்பதாலும் தாக்கப்பட்டதாகக் கடிதம் எழுதினார். செயற்பாட்டில் குறை என்றது ஆளுந்தரப்பு. வழக்கை நாம் தீர்க்க வேண்டாம். முப்பது பேரில் ஒற்றை ஆளாக நின்றவருக்குப் பக்கத்தில் நின்று "ஆம், எனக்கும் இதே நேர்ந்தது" என்று சொல்ல அவையிலே இன்னொரு பெண் இல்லை, அதை மறுக்க முடியுமா? அதே ஆண்டு டிசம்பரில் புதுவைச் சட்டமன்றத்தில் மூன்றிலொரு பங்கு பெண்களுக்கு என்று சட்டம் செய்தார்கள்; கணக்கெடுப்பு முடியட்டும், தொகுதி வரையறை முடியட்டும் என்று கூடவே இரண்டு முடிச்சும் போட்டார்கள்.

முடிச்சில்லாத ஒரு வழி டெல்லியின் கையில் இருந்தது, தோழரே. 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி புதுவைச் சட்டமன்றத்துக்கு மூன்று உறுப்பினரை மத்திய அரசு நியமிக்கலாம். தேர்தல் வேண்டாம், செலவு வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும். 2017-இல் நியமித்தனர், மூவரும் ஆண்கள், மூவரும் டெல்லியில் ஆளும் கட்சிக்காரர். 2021-இல் நியமித்தனர், மீண்டும் மூவர், மீண்டும் ஆண்கள், மீண்டும் அதே கட்சி!

நியமன இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அன்றைய சென்னை மாகாணத்தைக் கேளுங்கள். முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்துக்கு நியமனத்தில்தான் சென்றார். 1927-இல் அவையின் துணைத்தலைவரானார். தேவதாசி முறையின் வேரிலே கோடரி வைத்தார். இரட்டைமலை சீனிவாசன் நியமன உறுப்பினர். பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் எவர்க்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924-இல் அவையில் கொண்டுவந்தார். வெள்ளையன் ஆட்சியில் குரலற்றோர்க்குத் திறந்த வாயில், குடியரசில் கட்சிக்காரர்க்குப் புறவாசலாகிவிட்டது.

"அவர்கள் இன்னும் தயாராகவில்லையே, படிப்பில்லையே" என்று தலையைச் சொறிகிறவர்கள் உண்டு. நம் பந்தலிலும் உண்டு! பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட காமராசருக்கு எந்த முகாமில் சான்றிதழ் கொடுத்தார்கள்? ஆண்கள் தயாரானபிறகா நாற்காலிக்கு வந்தார்கள்? நாற்காலியில் அமர்ந்து, தவறி, திட்டு வாங்கி, கற்றார்கள்.

மெய்யான வழிகாட்டுதல் எப்படியிருக்கும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம், திண்டிவனம் போதும். அங்கே பேராசிரியர் பிரபா கல்விமணியும் தோழர்களும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டினார்கள். பொய்வழக்கில் இருளரைப் பிடித்தால் காவல்நிலைய வாசலில் போய் நின்றார்கள். சாதிச்சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் நடந்தார்கள். ஒரு மனுவை எப்படி எழுதுவது, எவரிடம் கொடுப்பது, பதில் வராவிட்டால் அடுத்து எங்கே போவது என்பதை இருளர் அங்கே கற்றனர். "உன்னுள் தலைவி உறங்குகிறாள்" என்ற உபதேசத்தைவிட, "வா, வட்டாட்சியரைப் பார்க்கலாம்" என்ற சொல் பெரிது.

நாற்காலி வந்தால் எல்லாம் வந்துவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு 1867-லேயே நாடாளுமன்றத்தில் நான்கு இடம் ஒதுக்கினர். அவ்விடத்தில் முதல் மாவோரிப் பெண், இரியாக்கா ரத்தானா, அமர்ந்தது 1949-இல்! எண்பத்திரண்டு ஆண்டு அந்த நாற்காலியில் ஆண்களே இருந்தனர். இடம் ஒதுக்கியவன் கதவைத் திறந்தான். உள்ளே இருந்தவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

வாசலை அடைப்பவன் நம்மில் இல்லையா? மகளிர் தொகுதி என்றவுடன் வட்டச் செயலாளர் வீட்டை நோக்கித்தானே முதற்பார்வை போகிறது. மனைவி பெயரில் வேட்புமனு, கணவர் கையில் முத்திரை. ஊர்வலத்துக்கு முன்வரிசையில் குடம் தூக்கப் பெண்கள், செயற்குழுவில் பின்வரிசையில் ஒரு பெண். இருளர் குடியிருப்புக்கு நாம் போவது எப்போது? வாக்குப்பதிவுக்கு முதல் நாள் இரவு. பயிற்சிக்காரனாவது பிற்பகல் உணவு போடுகிறான்.

ஆகவே இன்றைய ஞாயிறு உமக்கு ஓய்வு இல்லை, கிளைச் செயலாளரே. உம் எல்லைக்குள் இருளர் குடிசை எத்தனை, அவற்றுள் சான்றிதழ் இல்லாதவை எத்தனை, வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்ட பெண்கள் எத்தனை பேர் என்று நேரில் போய் எழுதி வாரும். உள்ளாட்சித் தேர்தலை நடத்து, எடுத்த ஒதுக்கீட்டைத் திருப்பிக் கொடு என்று கொம்யூன் அலுவலகம்தோறும் கொடுக்கும் மனுவில், அந்தப் பெண்களே முதலில் கையொப்பமிடட்டும், ரேகையானாலும் சரி. அடுத்த கிளைக் கூட்டத்தில் வேட்பாளர் பெயர் எழுதும் தாளை எடுக்கும்போது, முதல்வரியில் எவர் பெயரை எழுதப் போகிறீர் என்பதையும் இப்போதே யோசித்து வையும்.