காயாம்பூவுக்கு ஓர் இடம்

தமிழ்ப் பாடத்தில் 'காயாம்பூ வண்ணன்' என்று வந்தால் நாம் என்ன செய்கிறோம்? 'காயாம்பூ – நீலநிறப் பூ' என்று பொருள் எழுதி, மதிப்பெண்ணையும் வாங்கிக்கொண்டு, அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். திருமாலின் மேனி நிறத்துக்குப் புலவர்கள் காலங்காலமாக எடுத்தாண்ட பூ அது. பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களில் அதைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஆங்கிலப் பாடத்தில் வரும் டாஃபடில் பூவை வரையச் சொன்னால் எங்களில் பாதிப் பேர் வரைந்துவிடுவோம்!

இத்தனைக்கும் காயா எங்கோ இமயமலையில் வளர்வதன்று. முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஏறக்குறைய 15 கி.மீ. சென்றால் புத்துப்பட்டு. அங்கே அய்யனார் கோவிலைச் சுற்றி ஒரு காடு இருக்கிறது. அங்குள்ள மரத்தை வெட்டினால் அய்யனார் பொறுக்கமாட்டார் என்று ஊரார் நம்பியதால் அது பிழைத்தது. நம் கடற்கரையோரம் முழுவதும் முன்பு பரவியிருந்த வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் எஞ்சிய துண்டு அது. தென்னையைப்போல் ஓங்கி வளரும் மரங்கள் அதில் இல்லை. குட்டையாய், நெருக்கமாய், கோடையிலும் பச்சை மாறாத மரங்கள்தாம். அவற்றுள் முக்கியமானது காயா. கோடையில் அதன் கிளைகளில், இலைக்கணுக்களை ஒட்டி, ஊதா கலந்த நீலத்தில் சிறுசிறு பூக்கள் கொத்துக் கொத்தாக மொய்த்துக்கொள்ளும். அதன் கட்டை இரும்பைப்போல் உறுதியானது. இலையிலிருந்து மஞ்சள் சாயம் எடுத்துப் பாய்களுக்கு ஏற்றுவார்களாம். நெசவாளர் மிகுந்த நம் பேட்டையில் இதைச் சொல்லாமல் விடலாமா?

இப்பொழுது இதை ஏன் எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். நம் பள்ளியில் மாதா கெபியை ஒட்டிய தோட்டத்தை வரும் கல்வியாண்டில் புதிதாக அமைக்கப்போகிறார்கள். நர்சரியிலிருந்து வாங்க வேண்டிய செடிகளின் பட்டியலும் தயாராகிவிட்டது. காகிதப்பூ, சைனா இட்லிப்பூ, அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை, இன்னும் பெயர் தெரியாத சில தொட்டிச் செடிகள். எல்லாம் அழகானவையே. ஆனால் பட்டியலில் இந்த மண்ணின் காட்டுச்செடி ஒன்றுகூட இல்லை. தோட்டத்தில் பாதி இடத்தையாவது அவற்றுக்கு ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

சென்ற ஆண்டு சுற்றுலாவில் கொடைக்கானல் சென்றபோது ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்து நாமெல்லாரும் மயங்கி நின்றோமே, நினைவிருக்கிறதா? பந்து பந்தாய் நீலமும் ரோஜா நிறமும்! நம் ஊரில் பிரெஞ்சு தெரிந்த பாட்டிமார் அதை 'ஒர்த்தான்ஸியா' என்பார்கள். மண் புளிப்புத் தன்மையுடன் இருந்தால் நீலமாகவும், இல்லாவிட்டால் ரோஜா நிறமாகவும் பூக்குமாம். அந்தக் குடும்பத்தில் ஒரு வகை அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், ஓடைக்கரைகளில் தானாக வளர்கிறது. காட்டில் அதன் பூங்கொத்து தட்டையாக இருக்கும். நடுவில் மகரந்தமும் தேனும் உள்ள பொடிப்பூக்கள். ஓரத்தில் மட்டும், அதுவும் சில செடிகளில், வெள்ளையாய் அகன்ற சில மலட்டுப் பூக்கள். அந்த அகன்ற இதழ்களும் உண்மையில் புல்லிவட்டமே. மனிதர்கள் என்ன செய்தார்கள் என்றால், கொத்து முழுவதும் மலட்டுப் பூவாய் அமைந்த செடிகளைத் தேடி எடுத்துப் போத்து வைத்துப் பெருக்கினார்கள். இலினாய் மாநிலத்தில் அன்னா என்ற ஊருக்கு அருகில் 1910-இல் காட்டில் கண்டெடுத்த அப்படிப்பட்ட செடிதான் இன்று 'அன்னபெல்' என்ற பெயரில் உலகத் தோட்டங்களில் எல்லாம் நிற்கிறது. பந்து பெரிது, ஆனால் தேனீக்கு அதில் கிடைப்பது மிகக் குறைவு. டெலவேர் மாநிலத்தில் மவுண்ட் கியூபா மையத்தார் பல வகைகளையும் ஒன்றாக நட்டு ஆராய்ந்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். தட்டைக் கொத்து உள்ள செடிகளையே வண்டும் தேனீயும் அதிகமாக நாடினவாம்.

இதே கதை நம் வீட்டு வாசலிலும் நடக்கிறது. அடுக்குச் செம்பருத்தியில் அத்தனை இதழ்கள் எங்கிருந்து வந்தன? மகரந்தத் தாள்கள்தாம் இதழ்களாகிவிட்டன. விதை இல்லை, போத்து வைத்துத்தான் பெருக்க வேண்டும். ஒற்றைச் செம்பருத்தியில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கித் தேன் குடிப்பதை முத்தியால்பேட்டையில் எந்த வீட்டுக் கொல்லையிலும் காணலாம். அடுக்குப் பூவின் பக்கத்தில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

அதற்காக வளர்ப்புச் செடியெல்லாம் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பீடத்தை அலங்கரிக்க அடுக்குப் பூதான் நிறைவாக இருக்கும் என்று சிஸ்டர் சொல்வது சரியே. இட்லிப்பூவும் அயலான் அன்று. சங்க காலத்தில் ஆநிரை கவரச் சென்ற வீரர் சூடிய வெட்சிதான் அது. அதன் காட்டு உறவினன் ஒன்றும் புத்துப்பட்டுக் காட்டைப் போன்ற காடுகளில் இருக்கிறது. பெயர் சுளுந்து. வெட்சியைப் போலவே கொத்துப்பூ, ஆனால் வெள்ளை நிறம். நல்ல மணமும் உண்டு. சுளுந்து என்றால் தீப்பந்தம். அதன் கிளை பந்தமாய் எரிந்ததால் வந்த பெயர். வெட்சியையும் சுளுந்தையும் அடுத்தடுத்து நட்டால் தாவரவியல் பாடத்தைப் புத்தகம் இல்லாமலே படிக்கலாமே!

காகிதப்பூவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது பிரேசிலிலிருந்து வந்தது. 1766-இல் பிரான்சிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட பூகேன்வீலின் பெயரைத் தாங்கியது. அந்தப் பயணத்தில் தாவரவியலார் கொம்மெர்சோனுக்கு உதவியாளாய் ஆண்வேடத்தில் சென்ற ழான் பாரே என்ற பெண்தான் உலகைச் சுற்றிவந்த முதல் பெண்மணி. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை நம் வாயிலில் வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் வகுப்பின் ஏகமனதான தீர்மானம்.

'காட்டுச்செடி வைத்தால் புதராகிப் பாம்பு வரும்' என்கிறார்கள் சிலர். கத்தரிக்காத இட்லிப்பூ வேலியிலும் பாம்பு வரும். பராமரிப்பு இரண்டுக்கும் வேண்டும். 'மெதுவாக வளரும்' என்பது அதைவிட வலுவான ஆட்சேபம். ஆம், காயா மிக மெதுவாகத்தான் வளரும். நாங்கள் நட்டால் அதன் பூவை எங்கள் தங்கையர் காண்பார்களே தவிர, நாங்கள் காணமாட்டோம். ஆனால் நம் நகரத்துத் தாவரவியல் பூங்காவை 1826-இல் தொடங்கியவர்களும் அங்குள்ள பெரிய மரங்களின் நிழலில் உட்கார்ந்தவர்கள் அல்லர். அதைப் பல ஆண்டுகள் பேணிய பெரோட்டே 1870-இல் புதுச்சேரியிலேயே காலமானார். மாணவியர் இன்று அங்கே மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம்.

மறுபக்கத்தையும் காண வேண்டுமா? பாரதியார் 1908 முதல் 1918 வரை நம் ஊரில் வாழ்ந்தபோது உலாவிய கருவடிக்குப்பத்துக் குயில்தோப்பு நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது. தோப்பைத்தான் காணோம், சுற்றிலும் வீடுகள்.

கன்றுக்கு எங்கே போவது? கோவில் காட்டிலிருந்து ஒரு செடியையும் பிடுங்கக் கூடாது. அது திருட்டு மட்டுமன்று, நாம் காக்க நினைப்பதையே அழிப்பதாகும். ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அது வெறும் செம்மண் மேடு. முதலில் வெளிநாட்டு வேல மர வகைகளை நட்டவர்கள், பிறகு இந்த மண்ணின் மரங்களுக்கே திரும்பினார்கள். அங்கே பிச்சாண்டிக்குளம் காட்டிலுள்ளவர்கள் இவ்வகை மரங்களை வளர்ப்பதில் தேர்ந்தவர்கள். அவர்களிடம் முறையாகக் கேட்டு வாங்கலாம். காயா நான்கு, சுளுந்து நான்கு, காட்டு மல்லிகைக் கொடி இரண்டு. பத்துக் குழிகள் போதும். கெபிக்கு வடபுறம் சாமான் அறை வரை உள்ள வெற்றிடம் இதற்குத் தாராளம்.

தண்ணீர்தான் கேள்வி. மே மாத விடுமுறையில் தோட்டக்கார அண்ணன் ஒருவரே இருப்பார். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவியர் பதினொரு பேர் முறை வைத்து வர ஒப்புக்கொண்டிருக்கிறோம். பெயர்ப் பட்டியல் வகுப்பாசிரியையிடம் இருக்கிறது. எட்டாம் வகுப்புத் தங்கையருக்கு இன்னும் இடம் இருக்கிறது.